மஞ்சள் வண்டியும் மச்சானும்

பனிவண்டியின் சறுக்குக் கட்டைக்கு அடியில் ஒட்டுவதற்கு, சமையலறை வெட்டுப்பலகையை மிஞ்சிய பொருள் கிடையாது. மரப்பலகை உதவாது. வெள்ளை பிளாஸ்டிக் பலகையாக, விரல் தடிமனில் இருக்க வேண்டும். கடையில் விற்கும் பட்டை மூன்று குளிர்காலத்தில் தேய்ந்துவிடும். இது தேயவே தேயாது, கொஞ்ச நாள் வெங்காய வாசனை வரும், அவ்வளவுதான். என் மனைவி மிரேயிடம் அப்படி இரண்டு பலகைகள் இருந்தன. ஒரு மாதம் முழுக்க அவள் தட்டைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் காரட் நறுக்கினாள், பலகை எங்கே போனதென்று தெரியாமலே.

உங்கள் அப்பாவிடமும் ஒரு பழைய வண்டி இருக்கிறது என்றீர்களே, சார்ஜன்ட் அம்மா, அவருக்கு இதைச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

நடந்ததை வரிசையாகச் சொல்லும்படி கேட்டீர்கள். வரிசையாகச் சொன்னால் இதில் முக்கால்வாசி சந்தோஷம்தான். எனக்கு நடுநடுவே சிரிப்பு வந்தால் தப்பாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

வண்டி கிடந்தது ரொசேருடைய களஞ்சியத்தில், வைக்கோலுக்கு அடியில். ரொசேர் என் மச்சான், மிரேயின் அண்ணன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் அப்பா 1971இல் வாங்கிய வண்டி அது, மஞ்சள் மூடி, ஒற்றை சிலிண்டர். இருக்கைக்குள் எலிக் குடும்பம் ஒன்று பரம்பரையாக வாழ்ந்துகொண்டிருந்தது. நான் முப்பத்தொரு வருடம் எண்ணெய் அடுப்புகளைப் பழுது பார்த்தவன். இரண்டு கிழவர்களுக்கும் சனிக்கிழமை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. எதையும் புதிதாக வாங்கக் கூடாது என்று முதல் நாளே பேசிக்கொண்டோம்.

மூன்று குளிர்காலம் ஆனது. பனி ஹாக்கி மைதானத்தைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடித் தட்டி ஒன்று உடைந்தபோது, அதை அறுத்து முன்கண்ணாடி செய்தோம். பழைய பேருந்து இருக்கையின் தோலை உரித்து வண்டிக்குப் போட்டோம், ஏதோ பிள்ளை ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தோடு. கைப்பிடிக்குச் சூடு வேண்டுமே என்று மிரேயின் தலை உலர்த்தியைப் பிரித்துக் கம்பியை எடுத்தேன். அந்த ஞாயிறு அவள் ஈரத் தலையோடு பூசைக்குப் போனாள். மேப்பிள் சாறு காய்ச்சும் தகரத்தை வளைத்துப் புகைக்குழாய் செய்தேன். முதல் வாரம் வண்டி கிளம்பினால் அந்த இனிப்பு வாசனைக்குத் தெரு நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தன. பழைய ஒற்றை சிலிண்டரைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, யாரோ தூக்கிப்போட்ட இரட்டை சிலிண்டரைப் பொருத்தியதும் நான்தான்.

முதல் ஓட்டத்தன்று நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். ஏரியின் மேல் அது போன போக்கை உங்களுக்கு எப்படிச் சொல்வது. ரொசேர் பின்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் அவனுடைய பொய்ப்பல் தெறித்துப் பனியில் விழுந்தது. அரை மணி நேரம் தேடினோம். கிடைத்ததும் பெட்ரோல் துணியால் துடைத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டான்.

"மாப்ளே, வாயைத் தொறந்தா பெட்ரோல் பங்க் மாதிரி மணக்குதுடா," என்று ஒரு வாரம் புலம்பினான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கல்யாணத்தன்று கூட இல்லை. இதை மிரேயிடமும் சொல்லியிருக்கிறேன்.

இந்த மார்ச் மாதம் ரொசேர் வந்து என் கொட்டகையில் உட்கார்ந்தான். காப்பியை ஊதிக்கொண்டே சொன்னான்.

"மாப்ளே, ஈஸ்டர் கழிஞ்சதும் எல்லாத்தையும் கழட்டிடறோம். கோயிலுக்கு நூறு வருசமாகுது. ஊர்வலத்துல அப்பா வெச்சிருந்த மாதிரியே வண்டி போகணுமாம். பழைய இஞ்சினத் திரும்ப மாட்டிடலாம்."

"ஊர்வலத்துலயா? நடக்கற வேகத்துலயா மச்சான்?"

"பாதிரியாரு முன்னாடி நடந்து போறாரு. அவரை இடிச்சுத் தள்ளிட்டா போக முடியும்?"

"என் புகைக்குழாய்?"

"அதுல சாறு காய்ச்சிக்க. அது வந்த வேலையே அதானே."

எனக்குக் கோபம் வரவில்லை. காகிதத்தில் இருப்பது அவன் பெயர்தான். அவன் அப்பாவின் வண்டி. அவன் கேட்டது நியாயம். எனக்கு வேண்டியிருந்ததும் ஒன்றுதான், வண்டி இப்போதிருக்கும்படியே எனக்கு வேண்டும்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஏரி குறுகும் இடத்தைக் கழுத்து என்போம். ஏப்ரலில் மற்ற இடமெல்லாம் உறைந்திருக்கும்போதே அங்கே பனி விட்டுப்போய் அறுபது மீட்டர் தண்ணீர் திறந்துகொள்ளும். கட்டி முடித்த வண்டி அதைத் தாண்டினால்தான் ஊர் மதிக்கும். முழு வேகத்தில் போனால் வண்டி தண்ணீர் மேலேயே ஓடிவிடும், வேகம் செத்தால் மூழ்கும். காகிதத்தில் யார் பெயரோ அவர்தான் ஓட்ட வேண்டும். வண்டியின் வாலில் நீளக் கயிறு கட்டி, அதன் முனையில் ஒரு மிதவை. மூழ்கினால் மிதவை இடத்தைக் காட்டும். மூழ்கிய வண்டியைச் சொந்தக்காரர் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக மாட்டார், ராசியில்லை என்பார்கள். யார் இழுத்தெடுக்கிறாரோ வண்டி அவருக்கு.

கழற்றுவதற்கு முன் ஒரு தடவை தாண்டிவிடலாம் என்று ரொசேரே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே வந்து நிற்கும். முந்தின நாள் காலையில் நாம் மட்டும் போய்ச் சோதித்துப் பார்ப்போம், சொதப்பினால் யாரும் சிரிக்க வேண்டாமே என்றேன். அவனுக்கு அது பிடித்திருந்தது. கரையில் எப்போதும் நிற்கும் காப்புப் படகை வெள்ளிக்கிழமையே என் கொட்டகைக்கு எடுத்துவந்துவிட்டேன். அடியில் ஒரு விரிசல் இருந்தது. பெரிய விரிசல் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் மேசை மேல் இருக்கும் அந்தப் பித்தளைத் துண்டு. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அதன் துவாரம் வழியாகத்தான் போகும். சின்னத் துவாரங்கள் என் தொழில். பழைய துவாரத்தை ஈயம் வைத்து அடைத்து, அதைவிட மெல்லியதாக ஒன்று துளைத்தேன். குளிர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். நான் குறைத்தேன். அப்படிக் குறைந்தால் இஞ்சின் திணறும் என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். திணறாது. சூடேறி, இறுகி நிற்பதற்கு முந்தைய அரை நிமிடம் அது போல இனிமையாக எந்த இஞ்சினும் ஓடாது. எங்கள் ஊரில் எவனும் அளவுக் கருவி வைத்துப் பார்ப்பதில்லை, காதை வைத்துத்தான் பார்ப்பான். ரொசேருக்குத் தன் காது மேல் ரொம்பப் பெருமை.

சனிக்கிழமை காலை பத்து மணி. நல்ல வெயில். அவன் ஏறி உட்கார்ந்து விசையை முறுக்கினான். முகம் மலர்ந்துபோனது.

"அடேய் மாப்ளே, என்னடா பண்ணின? இது பாடுதுடா."

"கொஞ்சம் சரிபண்ணினேன்."

"இதப் போயி எவனாவது கழட்டுவானா? பாதிரியாரு கழுதைமேல போகட்டும். தாண்டிட்டு வந்து உன் பேருக்கே எழுதிக் குடுத்துடறேன், வெச்சுக்க. எங்கப்பாவே உயிரோட இருந்தாலும் உனக்குத்தான் குடுப்பாரு."

அவன் அப்படிச் சொன்னது உண்மை. நான் மறைக்கவில்லை பாருங்கள்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தினால் துவாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் கோபப்பட மாட்டான், சிரிப்பான். அந்தச் சிரிப்பை ஊர் முழுக்க எடுத்துக்கொண்டு போவான், என் சவ ஊர்வலம் வரைக்கும் அது கூடவே வரும். அதோடு வண்டியின் சத்தம் அவ்வளவு அழகாக இருந்தது. அது தண்ணீர் மேல் ஓடுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கையைத் தூக்கி, போ என்று காட்டினேன்.

நாற்பது மீட்டர் ஓடியது. தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி, மஞ்சள் மூடி மினுங்கி, ரொசேர் ஊளையிட்டுக்கொண்டு போனான். நானும் ஊளையிட்டேன். வளைத்துத் திரும்பி என் பக்கமே வரப் பார்த்தான், பெருமை தாங்காமல். பனி விளிம்புக்குப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும்போது சத்தம் நின்றது.

வண்டி வால் பக்கமாக இறங்கியது. மிதவை துள்ளி மேலே வந்தது. ரொசேர் மிதவைச் சட்டை போட்டிருந்தான், அதனால் மூழ்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் கை பத்து நிமிடம்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கொக்கிக் கயிறு. இடது பக்கம் ரொசேர், வலது பக்கம் மிதவை. மிதவை கொஞ்சம் கிட்டே இருந்தது.

மிதவைக்கு வீசினேன்.

"மிதவையப் புடிடா" என்றுதான் ரொசேர் கத்தினான். அவனுக்கும் அந்த வண்டி மேல் அவ்வளவு உயிர். மிரேய் அந்த நேரம் பார்த்து, எங்களுக்கு அவித்த அவரைக்கொட்டைப் பானையோடு கரைக்கு வந்திருந்தாள். "கை குடுடா அர்மான், கை குடு" என்று தன் அண்ணன் என் பெயரைச் சொல்லி மூன்று தடவை கத்தியதாகச் சொல்கிறாள். அவள் இருநூறு மீட்டர் தள்ளி நின்றாள். நான் பன்னிரண்டு மீட்டரில் நின்றேன். யாருக்குச் சரியாகக் கேட்டிருக்கும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் வக்கீல் ஒன்று சொல்கிறார். அங்கே முப்பது மீட்டர் ஆழம், வண்டியை அப்படியே விட்டிருந்தால் இந்தப் பித்தளைத் துண்டு உங்கள் மேசைக்கு வந்திருக்கவே வந்திருக்காது, கெட்ட எண்ணம் உள்ளவன் அதை இழுத்து வெளியே போடுவானா என்று. கெட்டிக்காரர். ஆனால் அவர் வண்டி கட்டியதில்லை. அதைப் போய் எப்படி விடுவது?

பனியில் முளையடித்துக் கட்டியிருந்த கைராட்டினத்தில் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுத்தேன். பனி விளிம்பில் ஏற்றுவது பெரிய பாடு. ஏறியதும் நேரம் கடத்தக் கூடாது, உள்ளே போன தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும். பிளக்குகளைக் கழற்றினேன். வண்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தேன். இரண்டு சிலிண்டரிலும் ஆல்கஹால் ஊற்றினேன். துவாரம் அடைத்த பித்தளைத் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சரியானதை மாட்டினேன். அந்தப் பையில் ஒரு ஜோடி புது பிஸ்டனும் இருந்தது. ஆமாம், நாங்கள் எதையும் புதிதாக வாங்குவதில்லை. அதை மட்டும் நான் மார்ச் மாதமே வாங்கி வைத்தேன், இஞ்சின் இறுகினால் வேண்டியிருக்குமே என்று. வண்டிக்கு என்னென்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் யோசித்து எடுத்துப்போயிருந்தேன். ரொசேருக்கு ஒரு கம்பளி எடுத்துப்போகத் தோன்றவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

புது பிஸ்டன் தேவைப்படவில்லை. லேசாக உரசியிருந்தது, குளிர்ந்ததும் விட்டுக்கொடுத்துவிட்டது. மிரேய் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது, ஏதோ கத்திக்கொண்டு வந்தாள். நான் இஞ்சினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன், ஒன்று, இரண்டு. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அடடா, அந்தச் சத்தம். சரியான துவாரத்தோடு, கொஞ்சம் கரகரப்பாக, உண்மையான சத்தம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மச்சான், எடுத்துருச்சுடா," என்று, தண்ணீரில் அசைவில்லாமல் மிதந்துகொண்டிருந்த அவனைப் பார்த்துக் கத்தினேன். அவனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.