நடுப்பூச்சு போடாத படம்

வார்னிஷ் டப்பாவைக் குலுக்கக் கூடாது. பலரும் அதை இருமல் மருந்து மாதிரி நினைத்துக் குலுக்கிவிடுகிறார்கள். குலுக்கினால் காற்று உள்ளே போய்க் குமிழியாகும், பூசியபிறகு படம் முழுக்க அம்மை போட்ட முகம் போல ஆகிவிடும். தட்டையான குச்சி ஒன்றை விட்டு மெதுவாகக் கிண்ட வேண்டும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். அன்றும் அப்படித்தான் செய்தேன்.

இதையெல்லாம் இவள் எதற்குச் சொல்கிறாள் என்று நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். காரணம் இருக்கிறது. உங்கள் நிபுணர் பஞ்சும் தின்னரும் எடுத்துவந்து, என் படத்தின் கீழ் மூலையில் வார்னிஷைத் துடைத்துப் பார்க்கப் போகிறார் என்று சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மூலையின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே. நானே சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படத்தை மட்டும் தொடாதீர்கள்.

நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். முன்னால் கடை, நடுவில் சட்டம் அறுக்கும் இடம், பின்னால் பூச்சு அறை. என் தங்கை ஓவியம் வரைபவள். மாடியில் அவள் வரைவாள், கீழே நான் முடித்துக் கொடுப்பேன். மற்ற ஓவியர்களும் கடைசிப் பூச்சுக்கு என்னிடம்தான் வருவார்கள். அவர்களை நான் திட்டாத நாள் கிடையாது. நேற்று வரைந்ததை இன்று தூக்கிக்கொண்டு வந்து, பளபளவென்று ஆக்கிக் கொடுங்கள் என்பார்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் பூசினால் பால் திரிந்தாற்போல் வெள்ளை படர்ந்துவிடும். போய்க் கொஞ்சம் பொறுமை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன்.

அக்ரிலிக் சாயத்தில் ஒரு குறை உண்டு. காய்ந்ததும் களை போய்விடும். ஈரமாக இருக்கும்போது கண் கண்ணாக இருக்கும், காய்ந்தபிறகு அதே கண் சுண்ணாம்புத் தூள் படிந்த மாதிரி மங்கிவிடும். பளபளப்பு வார்னிஷ் போட்டால்தான் அந்த ஈரம் திரும்பி வரும். முகம் கழுவிக்கொண்டு இப்போதுதான் எதிரே வந்து நின்ற மாதிரி இருக்கும். தூசி, வெயில், யாருடைய கை அழுக்கும் அதற்கப்புறம் உள்ளே போகாது. ஆனால் வார்னிஷுக்கு முன்னால் நிறமில்லாத பூச்சு ஒன்று போட்டுக் காயவிட வேண்டும். நாங்கள் அதை நடுப்பூச்சு என்போம். அது இருந்தால், பின்னொரு காலத்தில் வார்னிஷ் பழுத்துப்போனாலும் தின்னரால் துடைத்து எடுத்துவிடலாம், படத்துக்கு ஒன்றும் ஆகாது. அது இல்லாவிட்டால் பஞ்சோடு சாயமும் கழன்று வந்துவிடும். உங்கள் நிபுணருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். என் படத்தில் நடுப்பூச்சு இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

படத்தில் இருப்பது என் மகள். அவள் உயிரோடுதான் இருக்கிறாள், வேறு ஊரில், நல்ல வேலையில். என்னோடு பேசுவதில்லை. போகும்போது இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்றாள். கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். அவள் என்ன உடுத்த வேண்டும், என்ன படிக்க வேண்டும், யாரோடு பழக வேண்டும் என்று ஒவ்வொன்றையும் நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அதற்குக் கைம்மாறாக ஆல்பத்திலிருந்து தன் போட்டோக்களையெல்லாம் உரித்து எடுத்துக்கொண்டு போனாள். என் செல்போனில் இருந்தவற்றையும் அழித்துவிட்டாள். ஆல்பத்தில் கோந்துத் தடம்தான் மிச்சம். அந்தத் தடத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்கு விளக்கப் போவதில்லை.

என் தங்கைக்கு மனசு கேட்கவில்லை. நான் வரைந்து தருகிறேன் அக்கா என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைந்தாள். மூக்கு இன்னும் கொஞ்சம் சின்னது என்பேன், மாற்றுவாள். முடியை இழுத்துப் பின்னு என்பேன், பின்னுவாள். முதலில் வந்த முகத்தில் ஒரு முறைப்பு இருந்தது. அதை எடுத்துவிடு, அது அவள் வெளியில் கற்றுக்கொண்டது என்றேன். எடுத்துவிட்டாள். அப்புறம் ஒருநாள் காலை மாடிக்குப் போனேன், முகம் வந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, மறுபேச்சுப் பேசாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வந்துட்டியாடி என்று வாய்விட்டுச் சொல்லி அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

அந்த வாரமே தங்கை பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, முகத்தை மாத்தப் போறேன்."

"எதுக்கு?"

"இது அவ இல்லக்கா. நீ சொல்லச் சொல்ல நான் போட்டது. அவ இப்ப முடிய வெட்டிட்டா. நெத்தியில ஒரு கோடு விழுந்திருக்கு. சிரிச்சா வாய் ஒரு பக்கமா போகுது. அது அவ்வளவு நல்லா இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் குழாயை மூடினாள். "பேசிட்டுதான் இருக்கேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னு அவதான் சொன்னா."

நான் கோந்துத் தடத்தைத் தடவிக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம் மாடியில் இவர்கள் இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆனாலும் நான் சத்தம் போடவில்லை. வேறு கான்வாஸ் தருகிறேன், உன் இஷ்டத்துக்கு அதில் வரைந்துகொள், இதை எனக்கு விட்டுவிடு என்று கெஞ்சினேன். முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். அக்கா தங்கையின் காலில் விழுவதை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் விழுந்தேன். அவள் பதறிப்போய் என்னைத் தூக்கிவிட்டாள்.

"எழுந்திருக்கா. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இது இங்க இருக்கிற வரைக்கும் நீ அவளக் கூப்பிடவே மாட்ட. இதுகூடவே இருந்துடுவ."

அவள் என்மேல் பிரியமாகத்தான் சொன்னாள். அதை நான் இன்றும் மறுக்கவில்லை.

தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. தின்னர் வாடை பட்டாலே நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் பூச்சு அறைப்பக்கம் அவளை நான் விடுவதே இல்லை. இன்ஹேலர் எப்போதும் அவள் தோள்பையில் இருக்கும், வீட்டுக்குள் வந்ததும் பையைப் பூச்சு அறைக்கு வெளியே இருக்கும் கொக்கியில் மாட்டிவிட்டு மாடிக்குப் போவாள். கடையில் சட்டம் அறுப்பவர் அவளைக் கேலி செய்வார். "அந்த ரூமுக்குள்ள ஈ போறதா இருந்தாக்கூட பெரியக்காகிட்ட அனுமதி வாங்கணும், நீங்க வேற" என்பார். எல்லோரும் சிரிப்போம். நான் அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று அவள் வெளியே போனதும் படத்தைக் கீழே இறக்கினேன். சட்டம் அறுப்பவரை ஊரின் மறுகோடிக்கு ஒரு படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். மேசையில் படத்தை மட்டமாகக் கிடத்தினேன். நிறுத்திவைத்துப் பூசினால் வழியும். ஜன்னல் இடுக்கில் எல்லாம் டேப் ஒட்டினேன், மின்விசிறியை அணைத்தேன். தெருவில் லாரி போகும்போதெல்லாம் தூசி எழும்பும், ஈர வார்னிஷில் ஒரு தூசி விழுந்தாலும் அது அங்கேயே சமாதி. அகலமான மெத்தென்ற பிரஷ்ஷால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, போன இடத்துக்குத் திரும்பிப் போகாமல், மெல்லிசாகப் பூசினேன். கண் இரண்டும் நனைந்தன. உதடு நனைந்தது. கையால் தொட வேண்டும்போல இருந்தது, தொடவில்லை.

பூசி முடித்ததும் ஜன்னலைத் திறந்து வாடையை வெளியேற்ற வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. நான் திறக்கவில்லை. பிரஷ் ஊறுவதற்கு அகலமான தட்டு நிறையத் தின்னர் ஊற்றி வைத்தேன், அதையும் மூடவில்லை.

தங்கை திரும்பி வந்தாள். பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு மாடிக்குப் போய் இறங்கி வந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

"மாடில படத்தக் காணோமே."

"வார்னிஷ் போட்டுட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். "நீ இருக்கியே அக்கா. சரி, காஞ்சதும் துடைச்சு எடுத்துட்டு வரையறேன்."

"நடுப்பூச்சு போடல."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். காய்ந்துவிட்டால் படம் முழுவதையும் நாசமாக்காமல் அவள் வார்னிஷை எடுக்க முடியாது, தலைகீழாக நின்றாலும் முடியாது. அதன்மேல் வேறு சாயமும் ஒட்டாது. ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுத்தால்தான் உண்டு. ஓவியம் தெரிந்த யாருக்கும் அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றாது.

"இன்னும் ஈரமா இருக்கா?" என்று கேட்டாள்.

"ஈரமாத்தான் இருக்கு."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பூச்சு அறைக்குள் ஓடினாள். நான் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன். தூசி வரும் என்பதற்காகச் சாத்தினேன் என்று முதல்நாள் உங்களிடம் சொன்னேன். அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாளாயிற்று. வெளியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இருமல் கேட்டது. அப்புறம் "அக்கா, பையக் குடு" என்றாள். பை என் தோளில் இருந்தது. கொக்கியிலிருந்து எப்போது எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை, ஆனால் நான்தான் எடுத்திருக்க வேண்டும். பிறகு கதவைத் தட்டினாள். அந்தச் சுவர் காரை உதிரும் சுவர். தட்டாதடி, படத்துல தூசி விழும் என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். என் பேச்சைக் கேட்டுத்தான் நிறுத்தினாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வார்னிஷ் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை கதவைத் திறக்கவில்லை. திறந்ததும் முதலில் படத்தின் முகத்தைத்தான் பார்த்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. என் தங்கை தின்னரில் நனைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் கிடந்தாள். ஒரே ஒரு தடவை முகத்தில் இழுத்திருந்தால் போதும், முகம் போயிருக்கும். அவள் இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன், கதவைத் திறக்க நான் வருவேன் என்று நினைத்திருப்பாள்.

ஆனால் விழாமல் இருக்க மேசையைப் பிடித்திருக்கிறாள். படத்தின் கீழ் மூலையில் அவள் உள்ளங்கை பதிந்திருந்தது, ஐந்து விரலும் தெளிவாக. நீங்கள் தேடுவது அதைத்தான். அதன்மேல் இன்னொரு பூச்சுப் போட்டு மட்டமாக்கினேன், அதுவும் காயும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் வெளியே ஓடிப்போய்க் கத்தினேன். இழுப்புக்காரி, தெரியாமல் உள்ளே போய்விட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள். நீங்கள்தான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தீர்கள். பூச்சில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று நானும் அப்படித்தான் பார்ப்பேன். நல்ல கண் உங்களுக்கு.

அவள் உள்ளே ஓடுவாள் என்று தெரிந்துதான் சொன்னாயா என்று கேட்டீர்கள். தெரியும். அதற்காகத்தான் சொன்னேன். அவளைக் கொன்றது நான்தான். இனி அந்த மூலையைத் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை அல்லவா? தின்னர் ஒரு இடத்தில் பட்டால் அங்கேயே நிற்காது, ஊறிக்கொண்டே மேலே போகும். உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். எனக்கு அது பழக்கம்தான்.

தங்கையைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன அன்று என் மகள் வந்திருந்தாள். தங்கை சொன்னது நிஜம்தான், முடியை வெட்டியிருந்தாள், நெற்றியில் கோடு விழுந்திருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கூட்டம் கலைந்தபிறகு கடையில் மாட்டியிருந்த படத்துக்கு எதிரே வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"யாரும்மா இது?" என்று கேட்டாள்.

நான் வருத்தப்படவில்லை. அவள் நின்ற இடம் அப்படி. நல்ல பளபளப்புள்ள படத்தில் எதிரே நிற்பவரின் முகம் விழும், அவளுக்கு அவள் முகமே குறுக்கே வந்திருக்கும். அதற்குள் அவள் அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டி என்னைக் கட்டிக்கொள்ள வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, என் பொண்ண மறைக்கிற" என்றேன்.