புத்தகத்தில் நடந்த கல்யாணம்

“கேப்டனுக்குக் கல்யாணமே ஆகலலா!”

தண்ணீர்மலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவன் பக்கத்தில் இருந்த பொண்ணிடம் இப்படிச் சொன்னான். யார் வீட்டு வம்போ என்று காது கொடுத்தேன். கேட்டால், ராக்கெட்டில் கிரகம் கிரகமாகச் சுற்றும் ஏதோ படத்துக் கேப்டனாம்.

“படத்தை வச்சு எழுதுன புத்தகத்துல டாக்டரம்மாவோட மோதிரம் மாத்துனானே?”

“புத்தகம் செல்லாது. படத்துல வந்தாத்தான் கணக்குன்னு படக் கம்பெனிக்காரனே சொல்லிட்டான்.”

“அப்ப அந்த டாக்டரம்மா அவனுக்கு யாரு?”

“ராக்கெட்டுல வேலை செய்றவ, அவ்வளவுதான்.”

அந்தப் பொண்ணு மெதுவாகக் கேட்டாள்.

“நாம ரெஜிஸ்டர் பண்ணி நாலு மாசமாச்சு. தாலி இன்னும் கட்டல. உங்கம்மாகிட்ட என்னை யாருன்னு சொல்லி வச்சிருக்க?”

“ஐயோ, நான் படத்தைப் பத்திப் பேசுறேன்லா!”

“நான் அதைக் கேக்கல.”

“சொல்லிக்கலாம்… தாலி கட்டுறப்ப.”

“அப்ப அவங்களுக்கு ரெஜிஸ்டர் பண்ணதே தெரியாது?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“போனை எடு. அம்மாவுக்கு அடி. ஸ்பீக்கர்ல போடு.”

“பஸ்ல ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும். சாட்சிக்கு ஆள் வேணும்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.