மாதிரிக்கு ஒரு போட்டோ

– இதுவும் ஆகாதும்மா. உங்க பொண்ணு கண்ணே தெரியல, இமை தான் தெரியுது. மூடின கண்ண வெச்சு நான் என்னத்த வரையறது?

– அடக்கமா குனிஞ்சிருக்கா சார். கல்யாணப் பொண்ணு குனிஞ்சு தான இருப்பா.

– அடக்கமெல்லாம் சரி. குனிஞ்ச தலைய அப்படியே வரைஞ்சு சுவத்துல மாட்டுனா, வர்றவங்க எல்லாம் இந்தப் பொண்ணு எதத் தொலைச்சுட்டுத் தேடுதுன்னு கேப்பாங்க.

– அடுத்த பக்கம் புரட்டுங்க சார். பெரிய ஆல்பம். அம்மா தோள்ல சுமந்துட்டு வந்திருக்காங்க.

– நீ கொஞ்சம் சும்மா இருக்கியாடி சின்னவளே. வீட்ட விட்டுக் கிளம்புனதுலேர்ந்து குத்திக் குத்தியே பேசற.

– குத்தல அம்மா. எந்தப் பக்கத்துலயும் அக்கா நிமிரவே இல்ல. அத அவரே பாத்துக்கட்டும்னு தான் சொன்னேன்.

– நான் சொல்றத கேளுங்க ரெண்டு பேரும். தப்பு போட்டோ எடுத்தவன் மேல. எல்லாத்துலயும் நேரா மூஞ்சிக்கே ஃப்ளாஷ் அடிச்சு வெச்சிருக்கான். மூக்கும் கன்னமும் ஒண்ணா ஒட்டித் தட்டு மாதிரி ஆயிடுச்சு. எனக்கு ஒரு பக்கம் வெளிச்சம் வேணும், ஒரு பக்கம் நிழல் வேணும். அப்பத் தான் முகம் துணியிலேர்ந்து எழுந்து வரும். அதோ அங்க சாச்சு வெச்சிருக்கேனே மீசைக்காரர், அவர் வீட்டுல ஆபீஸ் அடையாள அட்டைய கொண்டு வந்து குடுத்தாங்க. அதையே நான் கரையேத்திட்டேன். ஆனா கல்யாணப் பொண்ணு விஷயத்துல அந்த மாதிரி ஒப்பேத்த முடியாது. ஒண்ணு பண்ணுங்க, பொண்ண நேர்ல கூட்டிட்டு வாங்க. ஜன்னலோரம் உக்கார வெச்சு நானே எடுத்துக்கறேன்.

– அவ இல்ல சார்.

– வெளிநாட்டுல இருக்காளா?

– போய்ட்டா சார். மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா. தலையில அடி.

– அடடா. போன்ல சொல்லவே இல்லையேம்மா. நான் பாட்டுக்கு எதத் தொலைச்சான்னு கேலி பேசிட்டு... மன்னிச்சுக்கோங்க.

– இருக்கட்டும் சார். உங்களுக்கு எப்படித் தெரியும்.

– வழுக்கி விழுந்தான்னு அவங்க வீட்டுல சொல்றாங்க. எங்க ஆளுங்க யாரும் பாக்கல.

– சின்னவளே.

– பாக்கலைன்னு தான சொன்னேன். வேற என்ன சொன்னேன்?

– தண்ணி குடிக்கிறீங்களாம்மா? இந்த டர்பன்டைன் நெடி பழக்கமில்லாதவங்களுக்குக் கண்ணக் கரிக்கும். படம் உங்க வீட்டுல மாட்டத் தானே?

– இல்ல சார், மாப்பிள்ளை வீட்டு ஹாலுக்கு. அவர் தான் ஆசப்பட்டாரு. என் பேத்தி அங்க வளருது. அம்மா முகம் தெரிஞ்சு வளரணும்ல. இப்பத் தான் பேச்சு வருதாம், யாரப் பாத்தாலும் அம்மாங்குதாம். என் காதால கேக்க எனக்குக் குடுத்து வைக்கல. அவங்க பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிஞ்சுக்கறேன்.

– ஏன், குழந்தைய அனுப்ப மாட்டாங்களா?

– அனுப்புவாங்க சார். அதுக்கு ஒரு கண்டிஷன் இருக்கு. சொல்லேம்மா.

– வீட்டுப் பேச்சு அவருக்கு எதுக்குடி.

– அக்கா இடத்துக்கு நான் போகணுமாம். நான் அக்கா புருஷனக் கட்டிக்கிட்டா குழந்தை இங்க வரும், அங்க போகும். இல்லைன்னா அம்மா அந்த வீட்டு வாசல்ல கூட நிக்கக் கூடாதாம்.

– அது முடிஞ்சு போன பேச்சு. நீ முடியாதுன்ன, நான் விட்டுட்டேன். உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினேனா இல்லையா?

– பண்ணின.

– அப்புறம் என்ன? படத்தையாவது குடுத்தா மனசு இளகி ஒரு நாள் பேத்திய கண்ணுல காட்டுவாரோன்னு தான் இந்த அலைச்சல். சார், இதப் பாருங்க. கேக் வெட்டும்போது எடுத்தது. சிரிச்ச மாதிரி இல்ல?

– வாய் சிரிக்குது, முகம் சிரிக்கல. யாரோ சிரின்னு சொல்லியிருக்காங்க.

– சார், என் போன்ல ஒண்ணு இருக்கு.

– அது வேணாம். அதக் காட்ட மாட்டேன்னு சொல்லித் தான கூட வந்த.

– நான் அப்படிச் சொல்லல. நீ சொன்ன, நான் பேசாம இருந்தேன்.

– குடு கண்ணு, பாத்து வைக்கிறேன். அப்பாடி. இது யார் எடுத்தது?

– நான் தான் சார். கல்யாணத்தன்னிக்குக் காலைல, மண்டபத்து மாடி ரூம்ல. மேக்கப் போடறவங்க டீ குடிக்கப் போயிருந்தாங்க. அக்கா ஜன்னலோரம் ஸ்டூல்ல தனியா உக்காந்திருந்தா. அக்கான்னு கூப்பிட்டேன். திரும்பினா.

– இதத் தானம்மா நான் இவ்வளவு நேரமா தேடறேன். வெளிச்சம் நெத்தியிலேர்ந்து தாடை வரைக்கும் எப்படி வழிஞ்சு வருது பாருங்க. கண்ணு ரெண்டும் நேரா நம்மளையே கேக்குது. என்னாலயே ரொம்ப நேரம் பாக்க முடியல.

– அதனால தான் வேணாம்கறேன். அந்தப் பார்வைய நடு ஹால்ல மாட்டி வெச்சா அந்த வீட்டுல யாருக்குச் சோறு இறங்கும்?

– இறங்கக் கூடாதும்மா. அவர் தட்டு முன்னாடி உக்காரும்போதெல்லாம் அவ பாக்கணும். நான் கூட வந்ததே அதுக்குத் தான்.

– பாத்தீங்களா சார், இவ மனசுல என்ன வெச்சிருக்கான்னு.

– நடுவுல ஒண்ணு கேட்டுக்கறேன். மணிக்கட்டுக்கு மேல சிவப்பா நாலு கோடு தெரியுதே, இது நிழலா? இல்ல போன் கண்ணாடியில ஏதாவது கீறலா? கறைன்னா நான் எடுத்துடுவேன், அதுக்குத் தான் கேக்கறேன்.

– வளையல் தடம் சார். எடுத்துடுங்க.

– வளையல் இல்ல. விரல்.

– சின்னவளே, வேணாம்டி.

– அக்கா அன்னிக்குக் காலைல, எனக்கு இந்த ஆள் வேணாம், பயமா இருக்குன்னு சொன்னா சார். எழுந்து கதவு கிட்ட கூடப் போய்ட்டா. அம்மா கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து ஸ்டூல்ல உக்கார வெச்சாங்க. அதுக்கப்புறம் எடுத்தது இது. அழற மாதிரி இல்லல்ல? அழுது முடிச்சிருந்தா.

– எந்தப் பொண்ணு தான் அன்னிக்குப் பயப்படல? என்னையும் என் அம்மா புடிச்சு உக்கார வெக்கலையா? நான் வாழலையா? கீழ மண்டபம் நிறைய ஜனம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன் வரிசையில உக்காந்தாச்சு. என்னடி பண்ணச் சொல்ற அந்த நேரத்துல?

– அந்த நேரத்துல ஒண்ணும் பண்ண வேணாம். இப்ப இந்த போட்டோவ வரைய விடு. அவ்வளவு தான் கேக்கறேன்.

– நான் சொல்றத கேளுங்க. உங்க வீட்டு வழக்குல நான் தலைய விடல. ஆனா தொழில் சங்கதி ஒண்ணு சொல்லணும். இந்த போட்டோவுல முகமும் ஒரு கையும் தான் உருப்படியா இருக்கு. கழுத்துக்குக் கீழ ஒரே இருட்டு. புடவை எங்க முடியுது, ஸ்டூல் எங்க ஆரம்பிக்குதுன்னே புரியல. ஆல்பத்துல புடவை பளிச்சுன்னு இருக்கு, ஆனா அது ஃப்ளாஷ் வெளிச்சம். ரெண்டையும் சேத்தா தலை ஒருத்திது, உடம்பு ஒருத்திதுன்னு அந்தக் குழந்தையே சொல்லிடும்.

– அப்ப என்ன சார் பண்றது?

– மாதிரிக்கு ஒருத்தர் உக்காரணும். அதே புடவை, அதே ஜன்னல் வெளிச்சம், அதே சாய்வு. வழக்கமா எங்க வீட்டுக்காரிய உக்கார வெப்பேன். அவ இப்ப ஒரு கல்யாணப் பொண்ணுல அடங்க மாட்டா.

– புடவை கொண்டு வந்திருக்கேன் சார்.

– கொண்டே வந்துட்டீங்களா?

– நிறம் பாக்கக் கேப்பீங்களோன்னு எடுத்து வெச்சேன். நகையும் பையில இருக்கு.

– விவரமான ஆளு தான் நீங்க. அப்ப வேலை சுலபம். கண்ணு, நீயே உக்காறியா? அக்கா ஜாடை அப்படியே இருக்கு உனக்கு. தோள் சரிவு கூட ஒண்ணு தான்.

– மாட்டேன் சார். அந்தப் புடவைய நான் கட்ட மாட்டேன்.

– கட்டாயமில்ல. நான் வேற ஆள் பாத்துக்கறேன்.

– இங்க பாரு சின்னவளே. உன் போட்டோவே இருக்கட்டும்.

– என்ன சொன்ன?

– முகம் அதுவே இருக்கட்டும். நீ கேட்ட மாதிரியே.

– கை?

– கையும் தான். இருக்கறது இருக்கற மாதிரியே வரையட்டும்.

– நிஜமாவா சொல்ற?

– பெத்தவ எனக்குத் தெரியாதா அது எந்தத் தடம்னு? விளக்க அணைச்சுட்டுப் படுத்தா என் விரல் தான் எனக்குத் தெரியுது. மாட்டட்டும், அவரும் பாக்கட்டும். நீ உக்காந்தா அவ படம் நல்லா வரும்கறாரு. அக்காவுக்காக ஒரு தடவ உக்காந்துட்டு எழுந்துரு. வேற ஒண்ணும் கேக்கல உன்ன.

– அழாதம்மா.

– நான் அழல. மருந்து நெடி.

– சரி. எங்க கட்டிக்கறது சார்?

– அந்தத் திரைக்குப் பின்னாடி போங்க. கண்ணாடி கொஞ்சம் கறுத்துப் போயிருக்கும், கண்டுக்காதீங்க. நான் கேமராவத் தொடைச்சு வெக்கிறேன்.

– கையத் தூக்குடி. கொசுவத்த நான் புடிக்கிறேன், நீ ஆடாம நில்லு.

– அம்மா, இதுல இன்னும் அக்கா வாசனை வருது.

– பீரோ வாசனை அது.

– இல்ல, அவ பவுடர் தான். நல்லா மோந்து பாரு.

– திரும்பி நில்லு.

– நீ அக்காவப் பத்தி இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லம்மா. இத்தன நாளா உன்ன நினைச்சாலே எனக்கு ஆத்திரமா வந்துட்டிருந்துச்சு. இப்பத் தான் கொஞ்சம் நிம்மதியா இருக்கு.

– கழுத்தக் காட்டு, இதப் போட்டுக்கோ.

– நகையுமா?

– அவர் வரைய வேணாமா? தலைய இப்படி வாரி விடறேன். ம். போ, உக்காரு.

– வாம்மா. ஸ்டூல் அங்க. ஜன்னல் பக்கம் தோள் வரட்டும், இன்னும் கொஞ்சம். அம்மா, அந்த ஜன்னல் துணிய விலக்கிப் புடிங்க. மேகம் வர்றதுக்குள்ள எடுத்துடுவோம்.

– நான் அந்தப் பக்கம் திரும்பிக்கட்டுமா சார்? கழுத்துக்குக் கீழ தான வேணும்?

– முகம் இல்லாம கழுத்து எங்க நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நிமிந்து என்னப் பாரு. அக்கா உன்னப் பாத்தால்ல, அந்த மாதிரி.

– இப்படியா?

– அதே தான். அச்சு அசல். அப்படியே இரு. எடுத்தாச்சு. எனக்கு இது போதும்.

– இன்னொண்ணு எடுத்துடுங்க சார். சிரிச்ச மாதிரி.

– அக்கா சிரிக்கலையேம்மா.

– கன்னத்துல வெளிச்சம் எப்படி விழுதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா? சாருக்கு ஒத்தாசையா இருக்கும்.

– இருந்தா நல்லது தான். கட்டாயம்னு இல்ல.

– ஒரு தடவ சிரிடி. மாவு டப்பாவ ரெண்டு பேருமா தலையில கவுத்துக்கிட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அப்பா கதவத் திறந்து பாத்துட்டு வீடு மாறி வந்துட்டோமோன்னு திரும்பிப் போனாரே.

– கவுத்தது அவ. அடி வாங்கினது நான்.

– அவளும் தான் வாங்கினா. உன்ன அடிக்க விடாம குறுக்க வந்து.

– ஆமா. வந்தா. லூசு அவ.

– ஆங். அருமை. வந்துடுச்சு, முகமே மாறிப் போச்சு பாருங்க. போதும் கண்ணு, போய் மாத்திக்கோ.

– அம்மா, தோள்ல ஊக்கு மாட்டியிருக்க, எனக்கு எட்டல. வந்து கழட்டி விடு.

– நீ போ, இதோ வரேன்.

– அம்மா, படம் முடிய நாளாகும். இந்த முகத்துக்கே நான் ரொம்ப உழைக்கணும். நடுவுல போன் பண்ணி அவசரப்படுத்தாதீங்க.

– படத்துக்கு ஒரு அவசரமும் இல்ல சார், எப்ப முடியுதோ முடிங்க. அந்தச் சிரிச்ச போட்டோவ மட்டும் அவ வெளிய வர்றதுக்குள்ள என் போனுக்கு அனுப்பிடுங்க, மாப்பிள்ளை காலைலேர்ந்து கேட்டுட்டே இருக்காரு.