பனிமலைக்காரனின் தூளி

சித்தேரி மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ரோடு இல்லாத ஏதோ ஊரிலிருந்து நடந்து வந்து ஏறியவர்கள். இளையவள் செல்போனை மூத்தவளிடம் நீட்டினாள்.

"பாருங்கக்கா, வெள்ளக்காரன் தென்னமரத்துல தூளி கட்டிப் படுத்துக்கிட்டுச் சிரிக்கிறான்."

"யாருடி இவன்?"

"பனிமல ஏறுறவனாம். போன மாசம் நம்ம காட்டுல மூணு நாளு சுத்துனான். எங்க வூட்டுக்காரருதான் வழி காட்டுனாரு. இப்ப கோவா கடலோரத்துல இருக்கான். உங்க வூட்டுத் தூளி மாதிரியே சொகமா இருக்குதுன்னு எழுதியிருக்கான்."

"உங்க வூட்டுல ஏது தூளி?"

"செவுத்துல கம்பும் போர்வையும் சாத்தியிருந்துச்சு. முடியாதவங்கள இதுல போட்டுத்தான் மல எறக்குவோம்னு இவரு சொன்னாரு. ஒடனே ஏறிப் படுத்துக்கிட்டான். நாலு பேரு தூக்கிட்டு வாசல்ல சுத்துனாங்க."

"உன் நாத்தனாள பிரசவத்துக்குத் தூக்கிட்டுப் போன போர்வையா?"

"அதேதாங்க்கா."

"பாதி வழிகூடத் தாங்கலியே அவ."

இளையவள் செல்போனில் விரலை ஓட்டினாள்.

"அடுத்த வருஷம் பத்து பேரக் கூட்டிட்டு வர்றானாம். அதுக்குள்ள ரோடு மட்டும் வந்துடக் கூடாதாம். காட்டோட அழகு போயிடுமாம்."

"அதுக்கு உன் வூட்டுக்காரரு என்ன சொன்னாரு?"

"கட்டவெரலத் தூக்கிக் காட்டுற படத்தப் போட்டு வுட்டாருக்கா."