துரு மணக்குமா?

— ஏன்னா, சுத்தியலைக் கீழ வையுங்கோ. இந்தத் தெருவுல மத்தியானம் தூங்கறவா இருக்கா.

— ஒரு போல்ட்டு சைலு. சுண்டு விரல் தண்டி இல்லை. காலம்பறலேர்ந்து என்னை மண்ணுல உக்கார வெச்சிருக்கு.

— அதைக் கழட்டாமப் போக முடியாதா?

— பைக் முன் சக்கரத்துல பிரேக்கே பிடிக்கலைடி. கட்டை தேஞ்சு போச்சு. புதுக் கட்டை போடணும்னா இந்த போல்ட்டு வெளில வந்தாகணும். பௌர்ணமிக் கூட்டத்துல பிரேக் இல்லாம போகச் சொல்றியா?

— பஸ்ஸுல போங்கோளேன்.

— பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே திருப்பி விட்டுட்டா. கிரிவலத்துக்கு வரவா கூட்டம் இப்பவே வேங்கிக்கால் வரைக்கும் நிக்கறது. எப்படியோ கீழ்பென்னாத்தூர் போய் இறங்கினாலும், அங்கேர்ந்து உள்ளே கிராமத்துக்கு இன்னிக்கு ஆட்டோக்காரன் எவன் வருவான்?

— அந்தக் கிராமத்துக் கோயிலைப் பாத்துக்கற பரசுராமன் மறுபடியும் போன் பண்ணினார். 'சரவணபவன் சாமி கெளம்பிட்டாரா'ன்னு கேட்டார். அரிசி களைஞ்சு வெச்சுட்டாளாம். நீங்க கெளம்பிட்டேள்னு தெரிஞ்சாத்தான் உலை வைப்பாளாம்.

— நீ என்ன சொன்னே?

— குளிச்சிண்டிருக்கார்னு சொன்னேன்.

— பொய் சொன்னியா?

— பின்னே, கிரீஸுல குளிச்சிண்டிருக்கார்னா சொல்றது?

— சிரிக்காதே சைலு. ரெண்டு வருஷமா அந்தக் கோயில்ல அன்னாபிஷேகம் நடக்கலை. வேற குருக்கள் யாரும் அவ்வளவு தூரம் வரலை. நாம மலேசியாவுல வேளைக்கு வேளை சாப்பிட்டுண்டு இருந்தோம், இங்க சாமி பட்டினியா நின்னார். இந்த வருஷமும் நான் போகலைன்னா, வீட்டுக்கு வீடு குடுத்த அரிசிக்கு என்ன பதில் சொல்லுவேன்?

— கோவத்துல அடிச்சா போல்ட்டு வராது. கோவம் போல்ட்டு மேலதானா?

— போல்ட்டு என்ன பண்ணும்? பக்கத்து வீட்டு மஸ்தான் பாய் மேல. மலேசியா போறப்போ, பாத்துக்கோங்கோன்னு நம்பித்தானே அவா வீட்டுல வண்டியை விட்டுட்டுப் போனேன். இங்க பாரு, போல்ட்டுத் தலையில இருக்கற குழி பூரா செக்கச்செவேல்னு துரு. மழையில போட்டிருக்கார். அதுல விட்டுத் திருப்பற கம்பி, இந்த அலன் கீ, பாதிதான் உள்ளே போறது. திருப்பினா வழுக்கறது. குழியோட விளிம்பு மழுங்கிப் போச்சு.

— மெதுவாப் பேசுங்கோ. மதில் இடுப்பு உயரம்தான்.

— கேக்கட்டுமே. பக்கத்து வீட்டுக்காரர்னா சொல்லக் கூடாதா? வரட்டும், கேக்கத்தான் போறேன்.

— சாமி, மண்ணெண்ணெய் கொண்டாந்தேன். ரெண்டு சொட்டு வுட்டுப் பாருங்க.

— அடடா, வாங்கோ பீபி ஜான்மா. எப்போ வந்தேள்?

— துருன்னு காதுல வுழுந்திச்சு, வந்துட்டேன் சைலஜாம்மா. எங்க வூட்டுக்காரரு கிரிவலப் பாதையில தண்ணி குடுக்கப் போயிருக்காரு. பௌர்ணமின்னா அவரு நம்ம கைக்குச் சிக்க மாட்டாரு. எங்க பையன் ஃபைசான் வண்டியையாவது குடுக்கலாம்னா, அதை எடுத்துக்கினு வேலூர் போயிட்டான்.

— நான் என்ன சொன்னேன்னா அம்மா...

— அதை வுடுங்க சாமி. ஆனா ஒண்ணு. மழையில நிக்கல. எங்க தகரக் கொட்டாயில ஒரு வண்டிக்குத்தான் இடம். உங்க வண்டி உள்ள நின்னுச்சு, ஃபைசான் வண்டி வெளிய நனைஞ்சுது. அவன் கூட சண்டை போட்டான்.

— அப்போ இந்தத் துரு எங்கேர்ந்து வந்தது?

— ஏன்னா, குழிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காமயே அடிச்சிண்டிருக்கேள். இந்தாங்கோ, கொண்டை ஊசி. சுரண்டிப் பாருங்கோ.

— குடு. வரது. பொடிப்பொடியா வரது. அடேயப்பா, கல்லாட்டம் இறுகியிருக்கு. மேல செவப்பு. அதுக்குக் கீழ மஞ்சளா இருக்கு. மறுபடியும் செவப்பு. மறுபடியும் மஞ்சள். அதுக்கும் கீழ இன்னொரு ஜோடி.

— விரலை மூக்குகிட்ட கொண்டு போகாதேள். அழுக்கு.

— நீயே மோந்து பாரு சைலு.

— ஏன்னா, சந்தன வாசனை.

— தினம் சாமிக்கு அரைக்கறவன், எனக்குத் தெரியலை பாரு. துரு மணக்குமா? இது சந்தனம், செவப்பெல்லாம் குங்குமம். அலன் கீயை இப்படிக் குடு. இறங்கறது. முழுசா இறங்கறது சைலு. அடியில விளிம்பு புதுசாட்டம் இருக்கு.

— மெதுவா.

— மெதுவாத்தான். மண்ணெண்ணெய் ஊறட்டும். அண்ணாமலையாரே. ம். இன்னும் கொஞ்சம். ம்ம்.

— என்ன ஆச்சு?

— வந்துடுத்து. சைலு, வந்துடுத்துடி. இந்தா, கையில பிடி.

— அல்ஹம்துலில்லா. கழண்டுச்சு சாமி.

— பரசுராமனுக்குப் போன் பண்ணட்டுமா?

— பண்ணு. உலை வைக்கச் சொல்லு. கட்டையை மாத்திட்டு நெஜமாவே குளிச்சுட்டுக் கெளம்பறேன். ஆனா, யார் இதை வெச்சிருப்பா?

— ஆயுத பூஜைக்கு மெக்கானிக் கடையில வெச்சிருப்பா.

— அவா விளக்கு மேல வெப்பா, ஹேண்டில்ல வெப்பா. போல்ட்டுக் குழியில யாராவது சந்தனத்தை அடைப்பாளா? அதுவும் மூணு அடுக்கு. போன ரெண்டு வருஷமும், நாம திரும்பி வரதுக்கு முன்னாடி இந்த வருஷமும்னு, நாம இல்லாத மூணு ஆயுத பூஜைக்கும் இங்கேயே குறி பாத்து வெச்சிருக்கா.

— பீபி ஜான்மா, ஏன் முந்தானையை வாயில வெச்சிண்டு சிரிக்கறேள்?

— திட்டக் கூடாது சாமி.

— நான் திட்டற நிலைமையில இல்லைம்மா. சொல்லுங்கோ.

— ஆயுத பூஜை அன்னிக்குத் தெருவுல எல்லா வண்டியும் பொட்டும் பூவுமா நின்னுச்சா, 'சாமி வண்டி மட்டும் மூளியா நிக்குதே பீபி'ன்னு எங்க வூட்டுக்காரரு தேரடி வீதி போய் சந்தனமும் குங்குமமும் வாங்கியாந்துட்டாரு. எங்க வைக்கறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. வட்டமா ஒரு குழி இருந்திச்சு, பொட்டு வைக்கறதுக்குன்னே கம்பெனிக்காரன் வுட்டுருக்கான்னு நான்தான் சொன்னேன்.