பார்க்கில் வைத்த போர்டு

"போர்டு வெச்சிதாம்பா அந்த மரத்த சாவடிச்சாங்க."

அறுபதுகளில் ஒரு காலை, செஞ்சி பஸ் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றிருந்த பார்க் தோட்டக்காரர் சொன்னார். வேர்க்கடலை மூட்டையோடு நின்ற வல்லத்துக்காரர் ஒருவர் திரும்பினார்.

"இன்னாண்ணே சொல்றீங்க?"

"கோட்ட கட்டின காலத்து மரம், ஜில்லாவுலயே இது ஒண்ணுதான்னு எழுதி வெச்சாங்க. அதுவரைக்கும் ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. அப்புறம் மருந்துக்கு ஆவும்னு ஆளாளுக்குப் பட்டைய உரிச்சாங்க. நான் எத்தினி பேரத் தொரத்துறது? சுத்திவர உரிச்சிட்டாங்க. இப்ப ஒரு இல கூட இல்ல. போர்டு மட்டும் நிக்குது."

"அட பாவமே."

பஸ் வந்தது. மூட்டையைத் தூக்கிய வல்லத்துக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"பட்ட கொஞ்சம் மிச்சம் இருக்குதாண்ணே? என் சம்சாரத்துக்கு முட்டிவலி."