மூன்றாம் எண் நகரவில்லை

இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது, மேடம். கறுப்பு மை, மெல்லிய முனை. அலுவலகங்களில் பேனாவை நூலில் கட்டி வைப்பார்கள், அது எழுதாது. நீங்கள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள். நன்றி.

இரண்டு வரி போதும் என்றீர்கள். காத்திருப்போர் பட்டியலின் மூன்றாம் எண்ணின் பெயரில் 'சம்மதம் இல்லை' என்று பதிவு செய்தது நான், அவருக்கு அது தெரியாது. இதை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஐந்து மணிக்குள் கொடுத்தால் மாமாவுக்கு வேலை கிடைத்துவிடும் என்றீர்கள். நான்காம் எண் வேறு வேலைக்குப் போய்விட்டதால் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஐந்து மணிக்குப் பட்டியல் காலாவதி. இப்போது மூன்றே முக்கால். நேரம் நிறைய இருக்கிறது. ஆனால் நான் பத்து வருடமாக விண்ணப்பம் நிரப்புகிறவன். அரைகுறைத் தாளை யாரிடமும் நீட்டியதில்லை. முறையாக எழுதுகிறேன்.

அந்த மூன்றாம் எண்தான் மாமா, என் சொந்த மாமா இல்லை. வெளியே பெஞ்சில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர். அறையில் மூத்தவர் என்பதால் மாமா. வயது முப்பத்தாறு. போன மாதத்தோடு வயது வரம்பைத் தாண்டிவிட்டார். இனி எந்தத் தேர்வும் எழுத முடியாது. இந்தப் பட்டியல் ஒன்றுதான் பாக்கி.

இன்று என்னைக் கூட்டி வந்தவரும் அவர்தான். நேற்று உங்கள் கவுன்ட்டரில், "நீங்களே வேணாம்னு சொல்லிட்டீங்களே" என்றார்களாம். அறைக்கு வந்து, "கம்ப்யூட்டர் எதையோ குழப்பி வச்சிருக்குடா. நீ வந்து ஒரு மனு எழுதிக் குடு. உன்னை மாதிரி எழுத ஆள் கிடையாது" என்றார். வந்தேன். பதிவான போன் எண் என்னுடையது என்பதைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அவரை வெளியே உட்காரச் சொன்னீர்கள். உங்கள் வேலையில் நீங்கள் கெட்டிக்காரர்.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. நான்கு கட்டில். ஒரு ஜன்னல். கட்டிலுக்கு அடியில் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் பழைய வினாத்தாள்கள். காலையில் ஒரே செய்தித்தாளை நான்காகப் பிரித்துக்கொள்வோம். விளையாட்டுப் பக்கம் யாருக்குக் கிடைத்ததோ அவர் வாசித்துக் காட்ட வேண்டும். சமைக்கும்போது கேள்வி கேட்போம். தப்பாகச் சொல்கிறவன் பாத்திரம் கழுவ வேண்டும். பத்து வருடத்தில் எங்கள் பாத்திரங்கள் ஒரு நாளும் கழுவாமல் கிடந்ததில்லை.

ஒருநாள் மாமா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "ஒரு நாட்டுக்கு ரெண்டு தலைநகரம் இருந்தா தூதரகத்தை எங்கடா வைப்பான்?"

"வாடகை எங்க கம்மியோ அங்க" என்றான் கணக்கு. அவனுக்குக் கணக்கு மட்டும்தான் வரும். அதனால் அந்தப் பெயர்.

"தப்பு. போய்ப் பாத்திரம் கழுவு."

"அப்போ சரியான பதில் என்ன மாமா?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்டா இங்க வெங்காயம் உரிக்கிறேன்?"

இப்படித்தான் இருந்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். கீழே கடைக்கு வருகிறவர்கள் மேலே பார்த்து, "என்னங்க, கல்யாண வீடா?" என்பார்கள். "படிக்கிறாங்க" என்பேன்.

என்னைச் செயலர் என்று கூப்பிடுவார்கள். அறைக்கு ஒரு சட்டம் உண்டு. படிக்கிறவன் கையில் போன் இருக்கக் கூடாது. சட்டம் போட்டது மாமா. எல்லோருடைய போனும் என் கடை மேசை இழுப்பறையில் இருக்கும். சாவி என்னிடம். நான் படிக்கிறவன் இல்லை என்பதால் என் போன் மட்டும் வெளியே இருக்கும். ஆகவே எல்லா விண்ணப்பத்திலும் என் எண்ணைக் கொடுத்தோம். கடவுச்சொற்கள் என் நோட்டில். யாரையும் நான் வற்புறுத்தவில்லை. அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவ்வளவு நம்பிக்கை. இந்தக் காலத்தில் யார் யாரை அப்படி நம்புகிறார்கள், சொல்லுங்கள்.

முதன்முதலில் அறையை விட்டுப் போனவன் தபால். தபால் துறையில் வேலை கிடைத்தது. நாங்கள் மேசையைத் தட்டிப் பாட்டுப் பாடி வழியனுப்பினோம். ஞாயிறு தவறாமல் வருவேன் என்றான். ஒரே ஒரு ஞாயிறு வந்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். சாய்ந்துகூட உட்காரவில்லை. கேள்வி கேட்டோம். "விடுங்கப்பா, அதெல்லாம் மறந்துபோச்சு" என்று கடிகாரத்தைப் பார்த்தான். அவன் போன பிறகு மாமா ஒரு வாரம் கேள்வியே கேட்கவில்லை. அந்த வாரம் பாத்திரத்தை நானே கழுவினேன்.

வேலை ஒரு மனிதனை என்ன செய்கிறது என்று அன்று கண்ணால் பார்த்தேன்.

இடையில் நீங்கள் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்தீர்கள். "முடிஞ்சுதா தம்பி?" முதல் தாள் முடிந்தது, மேடம். இன்னொரு தாள் கேட்டேன். கொடுத்தீர்கள். "கையெழுத்தையாவது முதல்ல போட்டுடுங்க" என்றீர்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதுதான் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம். எனக்கு மட்டும் வேறு பாடமா.

காத்திருப்போர் பட்டியல் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே உள்ளவர் வந்து சேரவில்லை என்றால் அடுத்தவருக்குக் குறுஞ்செய்தி வரும். ஏழு நாளுக்குள் உள்ளே போய்ச் சம்மதம் அல்லது சம்மதம் இல்லை என்று அழுத்த வேண்டும். செய்தி என் போனுக்கு வரும். இரண்டு கட்டமும் ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

முதல் செய்தி கணக்கின் பெயரில் வந்தது. காலை பதினொன்றேகால். கடையில் ஆள் இல்லை. மேலே அவன் விளையாட்டுப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தான். தோற்ற அணிக்காக அழுவது போல நடித்து வாசிப்பான். மாமாவின் சிரிப்பு படியிறங்கி என் காதுக்கு வந்தது. நான் அழுத்தினேன். சிரிப்பு நிற்கவில்லை. அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மாமாவுக்கு முதல் செய்தி அதற்கு அடுத்த வருடம் வந்தது. தினமும் மதியம் இறங்கி வந்து கடைக் கண்ணாடியில் விரலால் தட்டுவார்.

"என்னடா செயலரே, நகர்ந்துச்சா?"

"நகரல மாமா."

"நத்தைக்குக்கூட ஒரு வேகம் இருக்குடா. நான் வேலைக்குச் சேர்ற அன்னைக்கே ஓய்வு விழாவையும் வச்சிடலாம். ஒரே மேடை, ஒரே மைக்கு, செலவு மிச்சம்."

இப்படிச் சிரித்துக்கொண்டே மேலே போவார். ஏமாற்றத்தை இவ்வளவு அழகாகத் தாங்கிக்கொள்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. அதை அவரிடமிருந்து எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் கேட்டது ஒரு பதிவைப் பற்றி. நான் மொத்தத்தையும் எழுதுகிறேன். மாமாவுக்கு நான்கு முறை, இந்த முறையையும் சேர்த்து. கணக்குக்கு இரண்டு. நான்காவது கட்டிலில் அவ்வப்போது வந்து தங்கிய மூன்று பேருக்குத் தலா ஒன்று. மொத்தம் ஒன்பது. தேதிகள் நோட்டில் இருக்கின்றன, நாளை கொண்டுவந்து தருகிறேன். ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். இவர்கள் வேண்டாம் என்றதும் அந்த இடம் அடுத்த எண்ணுக்குப் போகிறது. ஒரு வேலையும் வீணாகவில்லை. என்னால் வேலை கிடைத்தவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

மாமா கட்டிக்கொள்ள இருந்த பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மறைத்தேன் என்று பிறகு வரக் கூடாது. ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாமாவிடம் போன் இல்லாததால் என் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். நல்ல குரல். வேலை கிடைத்ததும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். ஐந்து வருடம் காத்திருந்தார். ஒருநாள் மதியம் கூப்பிட்டு, "அண்ணா, அவர்கிட்ட கேட்டா ஜோக் அடிக்கிறார். நீங்க மறைக்காம சொல்லுங்க. வேலை வருமா, வராதா?" என்றார்.

அன்று காலைதான் மாமாவின் மூன்றாவது செய்தி வந்திருந்தது. நான் அழுத்தி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"வராது போலத்தாம்மா இருக்கு" என்றேன். அது பொய் இல்லை, மேடம். அந்த நேரத்தில் அது உண்மைதான்.

"நீங்களாவது உண்மையைச் சொன்னீங்களே அண்ணா" என்று நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நடந்த கல்யாணத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். சாப்பாடு பிரமாதம். மாமா மாப்பிள்ளையிடம் கை கொடுத்து, "நீங்க எந்தத் துறை?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்து அழுதார். என் சட்டை நனைந்துவிட்டது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

அந்த வாரமே மறுபடி கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். பாருங்கள், எதையும் தாங்குவார்.

இரண்டாம் முறை நீங்கள் வந்தபோது உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "தம்பி, மணி நாலே முக்கால். மேல அதிகாரி ஃபைலைத் திறந்து வச்சுக் காத்திருக்கார். இது ஒரு மனுஷனோட வாழ்க்கை." தெரியும், மேடம். அந்த மனிதரை உங்களை விட எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் எந்தப் பக்கம் திரும்பி எழுவார் என்று தெரியும். எழுத்தர் நாற்காலியில் அவரை நினைத்துப் பார்த்திருக்கிறேன். காலை பத்துக்குப் போய் உட்காருவார். மாலை களைத்து வருவார். வேறு தெருவில் வீடு எடுப்பார். ஒரு ஞாயிறு எங்களைப் பார்க்க வருவார். கட்டில் விளிம்பில் உட்காருவார்.

மூன்றாம் தாள் கேட்டேன். நீங்கள் தாளைக் கொடுத்துவிட்டு என் கையைப் பார்த்தீர்கள். என் கையெழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் அடித்தல் திருத்தல் இருக்காது.

நான் கெட்டவனா என்று உங்கள் கண் கேட்டது. நானே என்னை அப்படிக் கேட்டிருக்கிறேன். கெட்டவன் என்றால் எனக்கு ஏதாவது லாபம் இருந்திருக்க வேண்டும். நான் எந்தத் தேர்வும் எழுதியதில்லை. அவர்கள் இடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் தேர்வு எழுதும்போதெல்லாம் மையத்தின் வாசலில் வெயிலில் நின்றிருக்கிறேன். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்திருக்கிறேன். நுழைவுச்சீட்டை மறந்துவிட்டு மாமா பாதி வழி போனபோது சைக்கிளில் துரத்திக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அவர் தேற வேண்டும் என்றுதான் எப்போதும் விரும்பினேன். தேறினார். பட்டியலிலும் வந்தார். எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது. பெயர் பட்டியலில் வந்த அன்று அறையில் நாங்கள் ஆடிய ஆட்டத்தில் ஒரு கட்டில் உடைந்தது. அந்தச் சந்தோஷத்தை நான்கு முறை அனுபவித்த ஆள் இந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

இப்போது நீங்கள் மறுபடி வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டீர்கள். நான் முடித்துவிட்டேன்.

மேலே கண்டவை அனைத்தும் என் சுய நினைவோடு, யாருடைய கட்டாயமும் இன்றி எழுதியவை. மூன்றாம் எண்ணின் பெயரில் சம்மதம் இல்லை என்று பதிவு செய்தது நான்தான். அவருக்குத் தெரியாது. முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதன் கீழே தேதி. தேதிக்குப் பக்கத்தில் நேரம். ஐந்து மணி பதினொரு நிமிடம்.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். நீங்கள் எழுந்துபோய் அவரிடம் சொல்ல வேண்டாம். நகரவில்லை என்பதை அவரிடம் எப்போதும் நான்தான் சொல்வேன். வேறு யார் சொன்னாலும் அவர் தாங்க மாட்டார்.